கிணற்றுக்கு மூடி இருக்கிறதா: செட்டிநாட்டு வீடொன்றில் ஒரு கோடை முகாம், பெற்றோர் நம்பிக்கை பற்றிய நிகழ்வு ஆய்வு

காரைக்குடியிலிருந்து டூவீலரில் போய்வரும் தூரத்தில் ஓர் ஊர். ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவரும், சென்னையில் கணினி வேலையை விட்டுவிட்டு ஊர் திரும்பிய அவருடைய தம்பி மகனும் சேர்ந்து, அங்கே ஒரு பழைய செட்டிநாட்டு வீட்டில் மே மாதம் பிள்ளைகளுக்கு முகாம் நடத்துகிறார்கள். ஏழு முதல் பதின்மூன்று வயது வரை. காலை எட்டுக்குத் தொடங்கிப் பன்னிரண்டரைக்கு முடிந்துவிடும். மே 4-ஐ ஒட்டிப் பிறக்கும் கத்திரி வெயில் மாதக் கடைசிவரை காயும் ஊரில், பிற்பகல் வகுப்பு என்று யாராவது சொன்னால் அவரை ஒரு மாதிரிதான் பார்ப்பார்கள். முகாமின் விண்ணப்பங்களையும் விதிமுறைகளையும் எழுதிக் கொடுத்தவன் என்ற முறையில் அங்கே நடந்ததைக் கிட்ட இருந்து பார்த்தேன். ஊர், வீடு, ஆட்கள் பெயரெல்லாம் வேண்டாம். டீச்சர், தம்பி மகன் என்றே சொல்கிறேன்.

முதல் ஆண்டு பளபளப்பான நோட்டீஸ் அடித்தார்கள். ஆளுமைத் திறன், மேடைப் பேச்சு, அபாகஸ், பாரம்பரியக் கலைகள் என்று நாலு வண்ணத்தில். விசாரிக்க வந்தவர்களுக்குக் குறைவில்லை. வந்தார்கள், காபி சாப்பிட்டார்கள், "யோசிச்சுச் சொல்றோம்" என்று போனார்கள். நம் பக்கத்தில் இதற்கு என்ன பொருள் என்று விளக்க வேண்டியதில்லை. அபாகஸைப் பற்றி ஒருவர்கூடக் கேட்கவில்லை. கேட்டதெல்லாம் வேறு. கிணற்றுக்கு மூடி இருக்கிறதா? ஆண் ஆசிரியர் எத்தனை பேர்? சமையல் யார்? பிள்ளையை வேறு யாராவது வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டால்?

இந்தக் கேள்விகளுக்கு நோட்டீஸில் பதில் இல்லை. அடுத்த கோடையில் நோட்டீஸையே தூக்கிப் போட்டுவிட்டு, இந்தக் கேள்விகளை வைத்து முகாமைத் திருப்பிக் கட்டினார்கள். இந்த முகாமைப் பார்த்து எனக்குப் பட்டது இதுதான்: மோசமானதை முதலில், நாமே, தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். மற்றதெல்லாம் அதற்குப் பின்னால்தான்.

யாருடைய நம்பிக்கை?

செட்டிநாட்டில் கோடை முகாம் நடத்துகிறவருக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. பணம் கட்டுகிறவர் ஒருவர், பிள்ளையை வாசலில் கொண்டுவந்து விடுகிறவர் இன்னொருவர். முகாமுக்கு வரும் பிள்ளைகளில் பாதிப் பேர் சென்னையிலும் கோவையிலும் சிங்கப்பூரிலும் துபாயிலும் வளர்கிறவர்கள். விடுமுறைக்கு ஆயா வீட்டுக்கோ (இங்கே ஆயா என்றால் அம்மாவைப் பெற்ற பாட்டி) அப்பத்தா வீட்டுக்கோ வந்திருப்பார்கள். அம்மா அங்கிருந்து ஜிபேயில் பணம் போடுவார். காலையில் கை பிடித்துக் கூட்டி வருவது ஐயா, அதாவது தாத்தா. மறுபாதி உள்ளூர்ப் பிள்ளைகள். அம்மா ஜவுளிக்கடையிலோ வங்கியிலோ வேலை பார்ப்பார், அப்பா ஆத்தங்குடிக் கல் பட்டறைக்குப் போவார் (கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணம் ஊற்றிக் கையால் வார்க்கும் தரைக்கல் அது).

வெளியூர் அம்மாவுக்குத் தகவல் வேண்டும். உள்ளூர் ஆயாவுக்குத் தகவல் எல்லாம் வேண்டாம், கண்ணால் பார்க்க வேண்டும். உள்ளூர் அம்மாவுக்கு நேரம் இல்லை, யாராவது நம்பகமானவர் சொன்னால் போதும். மூன்று பேருக்கும் ஒரே வாட்ஸ்அப் செய்தியை அனுப்பித்தான் முதல் ஆண்டு குழப்பமே வந்தது.

ஒரு ஐயா சிரித்துக்கொண்டே சொன்னார்: "மீசை முளைக்காத பயலைப் பெட்டியடிப் பையனாக் கப்பலேத்தி ரங்கூனுக்கு அனுப்புன ஊரு இது. இன்னைக்கு ரெண்டு தெரு தாண்டி அனுப்ப யோசிக்கிறோம்." பெட்டியடிப் பையன் என்றால் கடையில் தொழில் பழகும் எடுபிடிப் பையன். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அன்று பையன் போய்ச் சேர்ந்த கடையில் முதலாளி, மேலாள், அடுத்தாள் எல்லாரும் தெரிந்த வகையறா. கடிதம் போகும், பதில் வரும். முன்பின் தெரியாத இடத்துக்கு யாரும் கண்ணை மூடிக்கொண்டு அனுப்பிவிடவில்லை. அந்தத் தொடர்பு இன்று இல்லாதபோது, அதன் இடத்தில் எதை வைப்பது என்பதுதான் டீச்சர் முன் இருந்த வேலை.

வீடு

வெளியூர்க்காரர்களுக்குச் செட்டிநாட்டு வீடு என்றால் பர்மாத் தேக்குத் தூணும் ஆத்தங்குடித் தரையும். பாட்டிகளுக்கு அது பிள்ளை விழுந்து வைக்கக்கூடிய இடங்களின் தொகுப்பு. வீட்டின் பின்பகுதியான மூன்றாம் கட்டில் கிணறு. மாடிக்குச் செங்குத்தான மரப்படி. முட்டி இடிக்கிற நிலைப்படி. தண்ணீர் சிந்தினால் வழுக்கும் கல். இதையெல்லாம் மறைக்காமல் ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுத்துவிடலாம் என்றார் டீச்சர். "இந்த வீட்டில் பிள்ளைகளுக்கு எங்கெங்கே அடிபடலாம், அதற்கு நாங்கள் என்ன செய்திருக்கிறோம்" என்பது தலைப்பு. தம்பி மகனுக்கு ஒப்பவில்லை. "இதப் படிச்சுட்டு எவன் அத்தை அனுப்புவான்?" என்றார்.

அனுப்பினார்கள். அந்தத் தாளைக் கையில் வாங்கியவர்கள் கேள்வி கேட்பதையே குறைத்துக்கொண்டார்கள். தாங்கள் பயந்ததை இவர்களும் யோசித்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும் பாதிப் பயம் போய்விட்டது.

சேர்க்க வருகிறவர்களை முதலில் வளவுக்கு, அதாவது நடுமுற்றத்துக்கு, கூட்டிப் போவதில்லை. நேராக மூன்றாம் கட்டு. கிணற்றின் மேல் கனமான கம்பிச் சட்டம், அதில் பூட்டு, சாவி டீச்சர் இடுப்பில். "ஆட்டிப் பாருங்க" என்பார். ஒரு ஐயா கைத்தடியால் நாலு தட்டுத் தட்டி, குனிந்து பூட்டை இழுத்துப் பார்த்து, அப்புறம்தான் பேனாவைக் கேட்டார். ஊருணிப் பக்கம் பிள்ளைகளைக் கூட்டிப்போவதே இல்லை என்பதும் அங்கேயே சொல்லப்படும். கோடையில் தண்ணீர் குறைந்திருந்தாலும் சேறு இருக்கும், சேறுதான் காலை இழுக்கும்.

வீட்டின் அமைப்பே ஒரு வகையில் உதவியும் செய்தது. இந்த வீடுகள் முகப்பிலிருந்து பின்கட்டு வரை வாசலுக்கு நேர் வாசலாகக் கட்டப்பட்டவை. முன் வாசலில் நின்றால் வளவு தாண்டிப் பின்வாசல் வெளிச்சம்வரை கண் போகும். வகுப்பெல்லாம் வளவைச் சுற்றிய தாழ்வாரத்தில்தான், அறைகள் அனைத்தும் பூட்டியிருக்கும். ஆகவே திண்ணையைத் திறந்துவிட்டார்கள். எந்த வீட்டுப் பெரியவரும் எப்போது வேண்டுமானாலும், சொல்லாமல்கூட வந்து உட்கார்ந்து பார்க்கலாம்.

முதல் வாரம் ரணகளம். ஆயாக்கள் திண்ணையிலிருந்தே "டேய், தண்ணி குடிச்சியா?" என்று குரல் கொடுக்க, பிள்ளைகள் முடைந்துகொண்டிருந்த பனையோலையைப் போட்டுவிட்டு ஓட, மடியில் முடிந்து வந்த தேன்குழல் கைமாற, வகுப்பு கலைந்தது. பிறகு ஒரு விதி வந்தது: பார்க்கலாம், கூப்பிடக்கூடாது. இரண்டாம் வாரம் திண்ணையில் கூட்டம் குறைந்து, மூன்றாம் வாரம் தினமலரைப் புரட்டிக்கொண்டு ஒரே ஒரு ஐயா மட்டும் உட்கார்ந்திருந்தார். எந்த நேரமும் போகலாம் என்று தெரிந்த பிறகு யாருக்கும் போகத் தோன்றவில்லை.

வீடு பங்காளிகள் ஐந்து பேருக்குப் பொது. சினிமாப் படப்பிடிப்பு என்றால் சாவி ஒரே நாளில் வந்துவிடும், பிள்ளைகள் என்றால் எல்லாரிடமும் கேட்டு முடிக்க மாசி, பங்குனி ஓடிவிடும். அது தனிக் கதை.

நோட்டு

வாசலில் ஒரு நீள நோட்டு. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம், அதில் கூட்டிப் போகலாம் என்று பெற்றோர் எழுதிக் கையெழுத்திட்ட பெயர்கள், போன் எண்கள். அதில் இல்லாதவர் வந்தால் பிள்ளை போகாது. எழுதும்போது எல்லாரும் தலையாட்டினார்கள். சோதனை வந்தது இரண்டாம் ஆண்டு.

ஒரு பெண் குழந்தை. அவளுடைய தாய்மாமன் புல்லட்டில் வந்து இறங்கினார். அக்காவுக்கு வங்கியில் வேலை முடியவில்லை, நான் கூட்டிப் போகிறேன் என்றார். குழந்தை ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டது. பெயர் நோட்டில் இல்லை. அம்மாவுக்குப் போன் அடித்தால் எடுக்கவில்லை, கவுண்டரில் கூட்டம்.

"நான் யாருன்னு தெரியுமா?" என்றார் அவர்.

"தெரியும் தம்பி. உங்க கல்யாணத்துக்கு வந்து மொய் எழுதுனவ நான். நோட்டுல உங்க பேரு இல்ல. உக்காருங்க, மோர் குடிங்க."

முக்கால் மணி நேரம் உட்கார்ந்தார், மோரைத் தொடவில்லை. அம்மா போனில் வந்து சொன்ன பிறகுதான் குழந்தை வண்டியில் ஏறியது. இந்த இடத்தில் அம்மா நெகிழ்ந்து நன்றி சொன்னார் என்று எழுதினால் கதை நன்றாக இருக்கும். நடந்தது அதுவல்ல. தம்பி முன்னால் தலைகுனிவாகிவிட்டது என்று சாயங்காலம் டீச்சரிடம் சத்தம் போட்டார். மறுநாள் மூன்று பெயர்களைச் சேர்த்தார், தம்பி பெயர் முதலாவது. அந்தத் தாய்மாமன் வீட்டுப் பிள்ளைகள் இன்றுவரை முகாமுக்கு வரவில்லை.

ஆனால் சேதி ஊரெல்லாம் போனது. வசையாகத்தான் போனது: "சொந்தத் தாய்மாமனையே விடலையாம், அந்த டீச்சருக்கு என்ன திமிரு." இதைக் கேட்டுத்தான் வந்தோம் என்று அடுத்த ஆண்டு சேர்க்க வந்த சில அம்மாக்கள் சொன்னார்கள். அதில் ஒருவர் கணவரைப் பிரிந்து வழக்கு நடத்திக்கொண்டிருந்தவர். மற்றவர்களுக்குத் திமிராகப் பட்டது இவருக்குத் தேவையாக இருந்தது.

படம்

முதல் ஆண்டு வாட்ஸ்அப் குழுவில் நாளுக்கு ஐம்பது, அறுபது படம். பெற்றோருக்குப் பிடிக்கும் என்று நினைத்துச் செய்தது. "என் பிள்ளை ஒரு படத்துலயும் இல்லையே" என்று துபாயிலிருந்து ஒருவர். ஓரத்தில் ஒரு குழந்தை கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்க, யாரோ அதைப் பெரிதாக்கிப் பார்த்து, அந்தப் பிள்ளையின் அம்மாவுக்கு அனுப்பி, அவர் பதறி ஆயாவுக்கு அடித்து, ஆயா வெயிலில் ஓடி வந்தார். பிள்ளை பசியில் அழுதது, கந்தரப்பம் சாப்பிட்டதும் சரியாகிவிட்டது.

இப்போது குழுவில் முகம் வராது. கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணக் கலவை ஊற்றும் கைகள், பாதி முடைந்த கொட்டான் என்கிற ஓலைக்கூடை, அவ்வளவுதான். முகம் உள்ள படம் அந்தந்தப் பெற்றோருக்கு மட்டும் தனியாக, அதுவும் அவர்கள் எழுதிச் சம்மதித்திருந்தால். பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்று 2023-ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. இவர்கள் சட்டம் பார்த்துச் செய்யவில்லை, ஆயா ஓடி வந்ததைப் பார்த்துச் செய்தார்கள்.

படத்துக்குப் பதில் வாரம் ஒரு வரி. "நல்லா இருக்கான்" என்ற வரி கூடாது என்று டீச்சர் மற்ற ஆசிரியர்களிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "ஓலையை இடது கையில்தான் தொடங்குகிறாள், முடிச்சு மட்டும் வலது கைக்கு மாற்றுகிறாள்." "இன்று இரண்டு முறை மோர் வேண்டாம் என்றான், தண்ணீர்தான் குடித்தான்." இப்படி ஒரு வரி போதும், யாரோ தன் பிள்ளையைக் கவனிக்கிறார்கள் என்று அம்மாவுக்குத் தெரிந்துவிடும். எழுதுவதற்குத்தான் நேரம் பிடிக்கிறது. ஆசிரியர்களுக்குப் பிடிக்காத வேலையும் இதுதான்.

பூரான்

மூன்றாம் ஆண்டு, ஒரு காலை பத்தரை மணி. கொட்டான் முடையக் கட்டி வைத்திருந்த பனையோலைக்குள்ளிருந்து பூரான் வந்து ஒன்பது வயதுப் பையனின் விரலில் கடித்துவிட்டது. விடுமுறைக்கு ஆயா வீட்டுக்கு வந்திருந்த சிங்கப்பூர்ப் பிள்ளை. சோப்புப் போட்டுக் கழுவி, துணியில் சுற்றிய ஐஸ் வைத்து, வண்டியைக் கிளப்பச் சொல்லிவிட்டு டீச்சர் ஆயாவுக்குப் போன் செய்தார். ஆயா வந்து சேர்ந்ததும் கேட்ட முதல் உதவி: "டீச்சர், சிங்கப்பூருக்கு மட்டும் சொல்லிராதீக. மக பயந்துருவா. என்னையத்தான் ஏசுவா."

நான் பார்த்தவரை, இந்த மாதிரி முகாம்கள் சறுக்குகிற இடம் இது. ஆயா பெரியவர், கெஞ்சுகிறார், காயமும் சின்னது. சாயங்காலம் வீக்கம் வடிந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று தோன்றும். டீச்சர் ஆயாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு அங்கேயே அழைத்தார். சிங்கப்பூரில் அப்போது பகல் ஒரு மணி.

"அம்மா, டீச்சர் பேசுறேன். தம்பி நல்லா இருக்கான், என் பக்கத்துலதான் உக்காந்திருக்கான், ஆயாவும் இருக்காங்க. ஓலைக்கட்டுல இருந்த பூரான் வலது கை விரல்ல கடிச்சிருச்சு. கழுவி ஐஸ் வச்சிருக்கோம். வீங்கியிருக்கு, வலி இருக்கு, மூச்செல்லாம் சாதாரணமா இருக்கு. காரைக்குடி அரசு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புறோம், நானும் இன்னொரு டீச்சரும் கூடப் போறோம். டாக்டர் பார்த்ததும் கூப்பிடுறேன். இந்தாங்க, அவன்கிட்ட பேசுங்க."

இந்தப் பேச்சின் வரிசை முன்கூட்டியே யோசித்து, போன் பக்கத்தில் ஒட்டி வைத்திருந்தது. முதல் வாக்கியத்திலேயே பிள்ளை எப்படி இருக்கிறான். அப்புறம் என்ன நடந்தது, என்ன செய்தோம், எங்கே போகிறோம். "பயப்படாதீங்க" என்ற சொல் எங்கும் வராது. அதைக் கேட்டால்தான் அம்மாக்கள் பயப்படுவார்கள். கடைசியில் பிள்ளையின் குரல்.

அன்று இரவே, பையன் பெயர் இல்லாமல், நடந்ததை எல்லாப் பெற்றோருக்கும் எழுதி அனுப்பினார்கள். இனி ஓலைக்கட்டைக் கையுறை போட்ட பெரியவர் வெளியே கல்தளத்தில் பிரித்து உதறி, வெயிலில் போட்டு எடுத்த பிறகுதான் பிள்ளைகள் தொடுவார்கள் என்பதையும் சேர்த்து. மறுநாள் இரண்டு பேர் வரவில்லை. ஒரு பிள்ளை மூன்றாம் நாள் வந்தது, இன்னொன்று வரவே இல்லை. கடிபட்ட பையன் மறுநாளே வந்துவிட்டான், விரலைக் காட்டிக்கொண்டு ஊர்வலம் போனான்.

கல் பட்டறையில் செய்முறைக்குப் போனபோதும் இதே பாடம் உதவியது. ஈரச் சிமெண்ட் காரம், தோலை அரிக்கும். ஆகவே பிள்ளைகள் கையில் படாமல் கண்ணாடியின் மேல் வண்ணம் ஊற்றுவதோடு சரி, சிமெண்ட் பூசுவது பட்டறைக்காரர் வேலை. இதைப் போவதற்கு முன்பே எழுதி அனுப்பிவிட்டார்கள்.

வாய்விட்டுக் கேட்காத கேள்வி

"ஆம்பளை சார் இருக்காங்களா?" என்று கேட்கிற அம்மா உண்மையில் என்ன கேட்கிறார் என்பது இரு தரப்புக்கும் தெரியும். சுற்றி வளைத்துப் பேசினால் சுற்றலிலேயே முடிந்துவிடும். ஆகவே டீச்சரே பேச்சைத் திறந்துவிடுவார். எந்தப் பெரியவரும், பெண்ணானாலும், ஒரு பிள்ளையோடு தனியாக இருக்கக்கூடாது. கழிப்பறைக்குச் சின்னப் பிள்ளைகள் இரண்டு இரண்டு பேராகப் போக, ஓர் அக்கா வெளியே நிற்பார். வேலைக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் காவல்துறைச் சரிபார்ப்பு உண்டு. 1098 என்ற குழந்தைகள் உதவி எண் பிள்ளைகள் கண்ணுக்கு எட்டும் உயரத்தில் சுவரில் இருக்கிறது, அது என்ன எண் என்று முதல் நாளே அவர்களுக்குச் சொல்லித் தரப்படும்.

இன்னொன்றும் விண்ணப்பத்திலேயே அச்சாகியிருக்கிறது: ஏதாவது நடந்ததாகத் தெரிந்தால் உடனே போலீசுக்குச் சொல்வோம், ஊருக்குள் பேசி முடிக்க மாட்டோம். குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றங்களுக்கான 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 19-ஆவது பிரிவில், தெரிந்த யாரும் புகார் சொல்லியாக வேண்டும் என்கிறது. தன் கீழ் வேலை செய்கிறவர் செய்த குற்றத்தை மறைக்கிற நிறுவனப் பொறுப்பாளருக்கு 21-ஆவது பிரிவில் ஓராண்டு வரை சிறை. இந்த வரியைப் படித்துவிட்டு ஒரு பெரியவர், "இதெல்லாம் எழுதணுமா, நல்ல காரியத்துல?" என்றார். பக்கத்தில் நின்ற மருமகள் எதுவும் பேசவில்லை, கையெழுத்துப் போட்டார்.

சமையல் யார்?

இந்தக் கேள்விக்கு இரண்டு பொருள் உண்டு. சுத்தமா என்பது ஒன்று. அதற்கு அடுப்படியைத் திறந்து காட்டலாம், தண்ணீர்க் கேனைக் காட்டலாம், முந்திரியோ கடலையோ ஒத்துக்கொள்ளாத பிள்ளைகளின் பெயர்கள் அடுப்புக்கு மேலே ஒட்டியிருப்பதைக் காட்டலாம். இன்னொரு பொருள் சாதி. அது தொனியில் தெரிந்துவிடும். டீச்சர் முதல் கேள்விக்கு நீளமாகப் பதில் சொல்வார், இரண்டாவதற்குச் சொல்ல மாட்டார். "நல்லா சமைப்பாங்க, நானும் அதத்தான் சாப்பிடுறேன்" என்பதோடு நிறுத்திக்கொள்வார். இதனால் இரண்டு குடும்பங்கள் போய்விட்டன. பெற்றோர் நம்பிக்கை என்ற பெயரில் எல்லாவற்றுக்கும் வளைந்து கொடுக்க முடியாது என்பது என் கருத்தும்கூட. பந்தியில் எல்லாப் பிள்ளைகளும் கலந்து உட்காரும் முகாம் இது என்று தெரிந்து வருகிறவர்கள் போதும்.

பண விஷயம் சுருக்கம். முதல் மூன்று நாள் கட்டணம் இல்லை, பிடித்தால் கட்டலாம். நடுவில் நின்றால் மீதி நாளுக்குப் பணம் திரும்பி வரும். முகாம் முடிந்ததும் வரவு செலவைத் தாளில் எழுதி முகப்பில் ஒட்டிவிடுவார்கள். கணக்கு என்றால் மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டுகிற ஊர் இது. ஒட்டிய அன்றே கூட்டலில் மூன்று ரூபாய் இடிக்கிறது என்று ஒருவர் கண்டுபிடித்துச் சொன்னார். திருத்திவிட்டார்கள்.

இரவு

இப்போது புதிய கோரிக்கை. நம்பிக்கை வந்த பெற்றோர், குறிப்பாக வெளிநாட்டில் இருப்பவர்கள், ராத்தங்கல் முகாம் வையுங்கள் என்கிறார்கள். வீட்டில் இடமும் இருக்கிறது, இரண்டாம் கட்டில் ஐம்பது பாய் விரிக்கலாம். தம்பி மகனுக்கு ஆசை. டீச்சர் கணக்குப் பார்த்தார். அமெரிக்க முகாம் சங்கத்தின் அளவுகோலில், ஆறு முதல் எட்டு வயதுப் பிள்ளைகளுக்குப் பகலில் எட்டுப் பேருக்கு ஒரு பெரியவர் போதும், தங்கல் என்றால் ஆறு பேருக்கு ஒருவர் வேண்டும். ஒன்பது முதல் பதினான்கு வயதுக்குப் பகலில் பத்துக்கு ஒருவர், தங்கலில் எட்டுக்கு ஒருவர். ஆள் கூட வேண்டும் என்பது மட்டுமில்லை, இரவில் விழித்திருக்க முறை வைத்து ஆள் வேண்டும், தூக்கத்தில் எழுந்து நடக்கிற பிள்ளைக்கு மரப்படி எங்கே இருக்கிறது என்று தெரியாது, திண்ணையிலிருந்து பார்க்க ஐயாவும் இருக்க மாட்டார்.

இந்த ஆண்டு இல்லை என்று எல்லாருக்கும் காரணத்தோடு எழுதி அனுப்பியாயிற்று. சிங்கப்பூர் அம்மா மட்டும் பதிலுக்குக் கேட்டிருக்கிறார்: "அடுத்த வருஷம்?" தம்பி மகன் மாடிப்படிக்குக் கதவு போட எவ்வளவு ஆகும் என்று ஆசாரியிடம் விசாரித்து வைத்திருக்கிறார். பங்காளிகளில் மூன்று பேர் சரி என்றுவிட்டார்கள், மலேசியாவில் இருப்பவர் இன்னும் பேசவில்லை.